ராஜபாளையம் போனவர்

“அந்த ஐயா ஞாயித்துக்கிழமை தவறாம வாராக. இப்பத்தான், செத்த நேரத்துக்கு முன்னாடி மேல ஏறிப் போனாக” என்றார் வனத்துறைச் சோதனைச் சாவடியில் இருந்த காவலர் வேல்பாண்டி.

வெங்கடேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தனியாகவா போகிறார் என்று கேட்டாள். இங்கிருந்து தனியாகத்தான் போகிறார் என்றார் அவர். மேலே காட்சிப் பாறையில் போய் உட்கார்ந்தால் உச்சி வெயில் ஏறும் வரைக்கும் இறங்க மாட்டார். அங்கே வேறு யாராவது வருகிறார்களா என்பது தெரியாது, மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு பாதை இருக்கிறது என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது.

‘ஐயா’ வேறு யாருமில்லை, அவள் கணவர் சோலைச்சாமி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாதமாக ஞாயிறு விடிந்தால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ராஜபாளையத்தில் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டம் என்று கிளம்பிவிடுவார். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் சங்கச் செயலாளரின் மனைவி பியூலாவைப் பார்த்தபோதுதான், அந்தச் சங்கம் கூட்டம் போட்டே ஒரு வருடமாகிறது என்று தெரிந்தது.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பொய்தான் வரும். பொய் சொல்லிவிட்டு வெளியே போய் வருகிறவர்கள், வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை ஓசைப்படாமல் கழற்றுவார்கள்; கேட்காமலே ஊர்ச் செய்தி நாலு சொல்வார்கள். அதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சோலைச்சாமியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் தூண் மறைவில் நின்று பார்த்தாள். ராஜபாளையம் வண்டி கண்ணெதிரே நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வத்திராயிருப்பு வண்டியில் ஏறினார். அந்தப் பக்கம் இவருக்கு என்ன வேலை? ஓர் ஆட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

பாதை செங்குத்தாக ஏறியது. மரவேர்கள்தான் படிகள். முந்தின நாள் மழையில் சருகு ஊறி வழுக்கியது. சேறு கண்ட இடமெல்லாம் அவருடைய கான்வாஸ் ஷூ தடம் பதிந்திருந்தது. முட்டு வலிக்கிறது என்று மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கக்கூட ஏறாத மனிதர். இந்த ஏற்றத்தை எப்படி ஏறினார்? எதற்கு ஏறினார்? மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு மரத்தைப் பிடித்து நின்றாள். நின்றால் மனம் கண்டதையும் நினைத்தது. மறுபடி ஏறினாள்.

உச்சிக்குப் பத்தடி கீழே வந்தபோது அவர் குரல் கேட்டது.

“வா... வா தங்கம். மெதுவா வா.”

வெங்கடேஸ்வரியின் கால் அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருடத்தில் அவளை ஒரு தடவைகூட அவர் தங்கம் என்று கூப்பிட்டதில்லை.

கையில் அகப்பட்ட கிளையைப் பிடித்து ஒரே மூச்சில் மேலே ஏறினாள். பாறையில் வேறு யாரும் இல்லை. விளிம்பில் அவர் மட்டும் குப்புறப் படுத்து, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு அந்தத் தங்கம்?”

அவர் பதறி எழுந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், அவள் கோலத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அடிவாரத்தைக் கை காட்டினார்.

“அந்தா, தென்னந்தோப்பு ஓரத்துல பச்சப் பெயிண்ட் அடிச்ச வீடு தெரியுதுல்ல? நம்ம செல்வலட்சுமி வீடு.”

மகளின் பெயர் அவர் வாயில் வந்து மூன்று வருடமாகிறது. அவள் பெலிக்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, அவள் வாசலை மிதிக்கிற யாரும் இனி என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவர் அவர்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாவு வீட்டுத் துட்டிக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ஜன்னல் வழியாக மகளை இடுப்பில் பிள்ளையோடு பார்த்தாராம். இறங்கிப் போகத் துணிவு வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதிலிருந்து ஞாயிறுதோறும் இந்தப் பாறைதானாம்.

“சொன்ன சொல்ல நானே எப்படி மீற, ஈஸ்வரி? ஒன்ட்ட சொன்னா நீ அங்க ஓடிப் போயிருவ. பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காகன்னு கூடத் தெரியாது. போன ஞாயித்துக்கிழமைதான் முத முதலா நடந்தான். நம்ம குடும்பத்துல நான் ஒருத்தனாவது அதப் பாத்தேனே, அது போதும்.”

அவர் பைனாகுலரை அவள் கையில் வைத்து, பாரு என்றார். அவள் பார்த்தாள். வெறும் உடம்போடு ஒரு பிள்ளை முற்றத்தில் தத்தித் தத்திக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே நடந்துட்டான்” என்றாள் மெதுவாக. “முத அடி என் கையப் பிடிச்சுத்தான் வச்சான். வியாழக்கிழமை தோறும் நான்தான் போய்க் குளிப்பாட்டி விட்டுட்டு வாரேன். பேரு சோலைச்சாமி.”