துணைக்கு ஒராள்

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த அவர்களின் வீட்டுக்கு மாப்பிள்ளை வரப்போகிறார். சரிவருமா என்று சாருகாவுக்குப் படபடத்தது.

“அம்மா, அந்தக்கால இங்கிலாந்திலை ஆணையும் பெண்ணையும் தனியக் கதைக்க விடமாட்டினமாம். பக்கத்திலை ஒராள் கம்பளி பின்னிக்கொண்டு காவல் இருக்குமாம்.”

“உன்ரை சரித்திரப் படிப்பும் நீயும்! நல்ல வழக்கம்தான். இண்டைக்கும் ஒராள் அப்பிடி இருக்கட்டும்,” என்றாள் யோகராணி.

வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளை சச்சிதானந்தன் கூச்சத்தோடு சோபாவில் அமர்ந்தார்.

சாருகா கம்பளி நூலோடு மூலைக் கதிரைக்குப் போனாள். அவருக்கு எதிரே யோகராணி உட்கார்ந்தாள்.

மெல்ல மெல்லப் பேச்சு வளர்ந்தது. அப்பா இறந்தபின் அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து சாருகா கேட்டதில்லை. பின்னலில் இழை தவறியது.

“பிள்ளை,” என்றாள் அம்மா, அவரைப் பார்த்தபடியே. “காவல் இருந்தது காணும். நீ போய்த் தேத்தண்ணி போடு.”