நாலாவது வாஷர்

பழைய காரைப் புதுப்பிக்கும் பட்டறையில் பானெட் மூடவே மாட்டேன் என்றது.

"ரேடியேட்டர்தான் சாய்ஞ்சு நிக்குது" என்று புலம்பியது.

மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி அடியில் ஒரு வாஷர் வைத்தார். பானெட் மறுபக்கம் இடித்தது. மறுபடி கழற்றினார், மறுபடி வைத்தார். நாலாவது தடவை ரேடியேட்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை தடவைதான் என் உயிரை வாங்குவீங்க?" என்று கத்திவிட்டு, எல்லோரையும் தாங்கும் சேஸிஸைக் குனிந்து பார்த்தது. மூன்று மூலைகள் முழுச் செங்கல்மேல் இருந்தன. நான்காவது மூலை உடைந்த செங்கல்மேல் இறங்கி, சேஸிஸே முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"அடப்பாவி, நீ கோணலா இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க, நடுவுல பேசறது மரியாதையில்லையேன்னு..."

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே ரேடியேட்டர் கொதித்தது.