அவசரத்துக்கு ஒரு நகல்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெர்கன் நகரத்துக்காரர்களுக்கு ஓவியம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். துரித்தின் ஓவியக் கூடத்தில் காலையிலிருந்து கதவு மூடியபாடில்லை. மழை சொட்டும் குடையோடு வந்த ஒருவர், தன் நாயை இன்றைக்கே வரைந்து தர வேண்டும் என்றார். அடுத்து வந்த பெண்ணுக்கு மாமியார் படம் வேண்டுமாம், இரட்டைத் தாடை இல்லாமல்.

"எண்ணெய் வண்ணம் காயவே வாரக்கணக்குல ஆகும். முன்னாடியே வந்திருந்தா உங்க மாமியாருக்குத் தாடையே இல்லாம பண்ணியிருப்பேனே!" என்று சிரித்துக்கொண்டே எல்லோரையும் திருப்பி அனுப்பினாள் துரித்.

அவள் கணவன் ஓட்வார் கப்பலில் சமையல்காரன். நாலு மாதம் கடலில் கிடந்துவிட்டு முந்தின நாள்தான் வீடு வந்திருந்தான். அடுப்பில் காப்பியை வைத்துவிட்டு இந்தக் கூத்தையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தான்.

அப்போது வந்து நின்றான் ரூனே. கக்கத்தில் துணி சுற்றிய ஒரு ஓவியம்.

"எங்க போர்கில்ட் அத்தையோடது. சட்டம் ரிப்பேர்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன். அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு வேணும். நாளைக்கு சாயங்காலமே வேணும். அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

ஓட்வாருக்குப் பகீரென்றது. போர்கில்ட் அம்மாளைத் தெரியாதவர் அந்தத் தெருவில் உண்டா? கணவர் விட்டுப்போன அந்தக் கடற்கரை ஓவியம்தான் அவளுக்கு இருக்கும் ஒரே சொத்து. கடைசிக் காலத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கிறாள். நகலைச் சுவரில் மாட்டிவிட்டு அசலை விற்கப் பார்க்கிறானே, படுபாவி!

துரித் இவனை அடித்துத் துரத்துவாள் என்று பார்த்தால், "அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு. அவசர வேலைக்குக் கூலி ரெண்டு பங்கு" என்றாள்.

அவன் போனதுதான் தாமதம், ஓட்வார் பொரிந்து தள்ளிவிட்டான். "நாயை வரைய முடியாதுன்னே. இந்த நரிக்கு மட்டும் எங்கேர்ந்து நேரம் வந்துச்சு? திருட்டுக்குத் துணை போறே, துரித்!"

"காப்பி பொங்குது பாரு" என்றாள் அவள்.

மறுநாள் மாலை ரூனே வந்து, அருகருகே இருந்த இரண்டு ஓவியங்களையும் பார்த்துத் திகைத்தான். "இதுல எது அசல்?"

"தொட்டுப் பாருங்க. கையில ஒட்டினா நகல்."

தொட்டான். விரலில் நீலம் ஒட்டியது. அவன் முகமெல்லாம் பல். "வீட்ல ஆட்டுக்கறி வேகுற வாசனையில அத்தைக்கு இந்த எண்ணெய் நாத்தம் எங்கே தெரியப்போகுது!" ஈர ஓவியத்தைப் பெட்டியில் வைத்தான்; காய்ந்ததைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி கிளம்பினான்.

ஓட்வார் கோட்டை மாட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "இப்பவே போய் அந்தம்மாகிட்ட சொல்லப்போறேன். உன்னைப் போய் இப்படி நான் நினைக்கவே இல்லை, துரித்."

"தாராளமாப் போ. அப்படியே என் வாழ்த்தையும் சொல்லிடு."

"சிரிக்கிறியா? அவன் அதை வித்துட்டா அந்தம்மா கதி?"

"அவன் எங்கே விக்கிறது! விக்கப் போற இடத்துல, திருடனுக்குத் தேள் கொட்டின கதையா, வாயைத் திறக்க முடியாம முழிக்கப் போறான்."

"அசல்தான் அவன் கைக்குப் போயிடுச்சே!"

துரித் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட வர்ற கூட்டத்துல, ஓவியம் காய நாளாகும்னு புரிஞ்சு செப்டம்பர்லயே வந்து, அந்தக் கடற்கரை ஓவியத்துக்கு ஒரு நகல் வாங்கிச் சுவர்ல மாட்டிட்டு, அசலை பேங்க்ல பூட்டினவ அந்த அத்தை ஒருத்திதான்!"