முதல் தாடை

மீன்களுக்குத் தாடையே இல்லாத காலம் அது. ஒரு முட்டைக்குள் மரபணுக்களைப் படியெடுக்கும்போது கை தவறி, செவுளைச் செய்யும் மரபணு இரண்டாக வந்துவிட்டது.

"செவுளுக்கு நான் ஒருத்தன் போதும். நீ எதுக்குடா?" என்றது பழையது.

"எனக்கும் அந்த ஒரு வேலைதான் தெரியும்ண்ணே."

"அப்போ சும்மா கெட. சும்மா கெடக்கிற மரபணு தலைமுறை தலைமுறையாத் தேய்ஞ்சு ஊமையாயிடும், பாத்துக்க."

நகலுக்குத் தூக்கம் போயிற்று.

முட்டைக்குள் கரு வளர்ந்தது. வாயோரமாகச் சில செல்கள் வேலையற்று நின்றன. நகல் அவற்றைக் கெஞ்சியது.

"கொஞ்சம் வளைஞ்சு, கெட்டியா நில்லுங்கப்பா."

"அது செவுளுக்குச் சொல்றதாச்சே!" என்று சிரித்தது ஒரு செல்.

"வேற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. இங்கயும் நின்னுதான் பாருங்களேன்."

சிரித்துக்கொண்டே செல்கள் வளைந்தன. வாய்க்கு மேலே ஒரு வில், கீழே ஒரு வில்.

குஞ்சு வெளியே வந்தது, அதற்குப் பசித்தது. அதன் அம்மாவுக்குச் சேற்றை உறிஞ்சத்தான் தெரியும். குஞ்சோ, எதிரே வந்த ஓட்டுப்பூச்சியைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. நறுக்கென்று ஒரு சத்தம்.

"டேய், என்னடா அது?" என்று செவுளிலிருந்து கத்தியது பழையது.

"கடிக்கிறோம்ண்ணே!" என்றது நகல்.