விலாவில் இருப்பது

திருஞானத்தின் இடது விலாவில், தோலுக்கடியில், சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. இதயம் தறிகெட்டு ஓடினால் அது மின்னதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். ஒருமுறை பேருந்தில் பேச்சுமூச்சில்லாமல் சரிந்தவரை அதுதான் உதைத்து எழுப்பியது. இன்னொரு முறை, ஒன்றுமே இல்லாததற்கு, பூரி தின்றுகொண்டிருந்தவரை உதைத்துத் தள்ளியது. அதற்குப் பிறகு அவர் யார் கையையும் தொடுவதில்லை.

இன்று மகள் குயிலிக்குத் தாரை வார்க்க, மேல்சட்டையில்லாமல் மணமேடையில் நின்றார். மண்டபமே அந்தப் புடைப்பைப் பார்த்தது. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். மனைவி வடிவு அந்தக் கைகளின் மேல் நீர் வார்க்க வேண்டும். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தண்ணி வேற ஊத்துறீங்க. இப்ப உதைச்சா பிள்ளைக்கும் ஷாக் அடிக்கும்.”

“தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரேங்க,” என்றாள் வடிவு, செம்பும் கையுமாக.

“அவரு உதை வாங்கியிருக்காரா?”

குயிலி குனிந்தாள். பெரியவர்கள் காலைத் தொடுவதுபோல் அந்தப் புடைப்பைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு பஸ்ஸுல இது சும்மா இருந்திருந்தா, இங்க சித்தப்பா நின்னிருப்பாருப்பா. அம்மா கடைசி வரிசையில உக்காந்திருப்பாங்க. உதைச்சா உதைக்கட்டும், கையைக் குடுங்க.”

கொடுத்தார். வடிவு செம்பைச் சாய்த்தாள். நீர் சில்லென்று பட்டதும் மூன்று கைகளும் ஒருசேரத் துள்ளின. யாரும் விடவில்லை.