நரியோடைக் கல்

பர்கூர் கிரானைட் பட்டறையின் தகரக் கூரை மதிய வெயிலில் தகிக்கிறது. கருங்கல் அறுக்கும் வட்ட ரம்பத்துக்குக் கீழே, நிலவியல் ஆய்வு செய்யும் கெசியா அரியலூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. கல்லூரியின் சிறு ரம்பத்துக்கு அடங்காத பெரிய கல். அதை எடுத்த பாறை அடுக்குக்கு இன்னும் பெயரில்லை; அதற்கே உரிய கல்லான சிப்பிகள் உள்ளே இருந்தால்தான் பெயர். "உள்ள சிப்பி இல்லேன்னா?" என்கிறார் ரம்பம் ஓட்டும் மாடசாமி. "பக்கத்து அடுக்கோட சேத்துருவாங்கண்ணே. தனிப் பேரு கெடையாது. இத்தன வருச வேலையும் வீணு." அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு ரம்பத்தை இறக்குகிறார். தினமும் சாம்பல் நிறத்தில் ஓடும் சேறு இன்று பாலாக வடிகிறது. அந்த இரைச்சலில் கெசியா காதைக்கூடப் பொத்திக்கொள்ளாமல் நிற்கிறாள். ரம்பம் நின்றதும் கல் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு முகத்திலும் விசிறிபோல் மடிந்த சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரத்தில் பளபளக்கின்றன. மேலடுக்கிலும் கீழடுக்கிலும் அவள் தேடித் தேடிக் காணாத சிப்பிகள். "இருக்குதே!" என்று மாடசாமிதான் முதலில் கத்துகிறார். "என்ன பேரு வைக்கப் போறீங்க?" "கல்லு எடுத்த எடம் நரியோடைண்ணே. அந்தப் பேருதான்." அவள் பென்சிலால் கல்லின்மேல் எழுதப் பார்க்கிறாள். ஈரத்தில் எழுத்து பிடிக்கவில்லை. மாடசாமி தோள்துண்டை உருவிக் கல்லை அழுத்தித் துடைக்கிறார். "இப்ப எழுதுங்கம்மா." 'ந' விழுகிறது.