அவன் பக்கத்துப் பெடல்

உப்பு லாரி இடப்பக்கச் சந்திலிருந்து பார்க்காமல் ரோட்டில் ஏறியது.

அவன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தான்.

பெடல் தொளதொளவென்று தரையில் போய் இடித்தது.

மறுபடி மிதித்தான். பிடிமானமே இல்லை. கை ஹேண்ட்பிரேக்கைத் தேடுவதற்குள் கார் குலுங்கி நின்றது. லாரி கல்லுப்பைச் சிந்திக்கொண்டு முன்னால் கடந்து போயிற்று.

“நல்லவேள, நீங்க புடிச்சீங்க தம்பி” என்றாள், ஸ்டீயரிங்கை விடாமல்.

அவன் ஐசக். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவன். அவள் பாக்கியசீலி, அவனைவிட இரண்டு மடங்கு வயது. கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் வண்டி பழக வந்தாள். இன்று ஏறும்போதே சொல்லிவிட்டாள், இதோடு போதும், ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று.

வண்டி அவளால் நிற்பதில்லையாம். அவன் மிதித்தால் அவள் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். தன் கால் அதன்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

ஓரம் கட்டச் சொன்னான்.

பானெட்டைத் திறந்தான். பிரேக் ஆயில் கோடு வரை இருந்தது. நான்கு சக்கரங்களின் உட்புறமும் குனிந்து பார்த்தான். எங்கும் கசிவில்லை. அவளைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பெடல் கொஞ்சம் இறங்கி, கல் மாதிரி நின்றது.

காரின் பிரேக்கில் கோளாறில்லை.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தான். இரண்டு பெடல்களையும் இணைக்கும் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் அதைப் பிடித்திருந்த போல்ட் கழன்று, கால்மிதியில் கிடந்தது.

காலையில் வண்டியை எடுக்கும்போது மிதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பேசாமல் மாட்டிவிடலாம். தெரிந்தால் பயந்துபோவாள். முதலாளி காதுக்கும் போகும்.

ஸ்பேனரை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

“நான் புடிக்கலம்மா.”

“என்னத் தேத்துறதுக்காகச் சொல்லாதீங்க.”

“எறங்கி வந்து பாருங்க.”

அவன் பக்கத்துக் கதவோரம் வந்து நின்றாள். பெடலைக் கையால் அழுத்திக் காட்டினான். அது விழுந்தது. அவள் பக்கத்துப் பெடல் அசையவில்லை.

இன்னொரு முறை காட்டச் சொன்னாள். காட்டினான்.

அவளே குனிந்து ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

“அப்ப அந்த லாரி…”

கதவைப் பிடித்துக்கொண்டாள். தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“காலைல வண்டியப் பாக்கலியா நீங்க?”

இதுவரை அவள் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை.

“பாக்கல. எந் தப்புதாம்மா.”

அவன் கம்பியைச் சேர்த்து போல்ட்டை முடுக்கினான். இழுத்துப் பார்த்தான். இன்னும் ஒரு சுற்று முடுக்கினான். தன் பெடலை மிதித்தான். அவள் பெடல் சேர்ந்து இறங்கியது.

“சரியாயிருச்சு. ஸ்கூல் வரைக்கும் நான் ஓட்டட்டுமா?”

அவள் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறியிருந்தாள். சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். வழக்கம்போல் வலது கால் பெடலுக்குப் போயிற்று.

அவள் சாவியைத் திருப்பினாள்.

“ரெண்டு காலையும் பின்னால வச்சுக்கோங்க தம்பி.”